கால் விறைத்தது கீழே, ஓட்டை இருந்தது பரணில்

தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் விடாமல் ஓடும். ஆனாலும் கீழ்த்தளத்தில் சற்று நேரம் உட்கார்ந்தாலே பாதம் ஜில்லிட்டுவிடும். மாடியில் படுப்பவர்கள் போர்வையை உதைத்துத் தள்ளுவார்கள், கீழே இருப்பவர்கள் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பார்கள். வெளியே மைனஸ் 10 வரைக்கும் இதோடு ஒப்பேற்றலாம். மைனஸ் 30ஐத் தாண்டினால் ஒப்பேறாது. (மைனஸ் 40க்குப் போய்விட்டால் செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்கக்கூட வேண்டாம், இரண்டிலும் அதே எண்தான்.) இன்னும் ஒரு ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால், இருக்கிற சூடு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து அடைத்துவிடலாம் என்று தொடங்கிய வேலை இது. எங்களுடையது மரச்சட்டத்தில் கட்டிய இரண்டு மாடி வீடு. கீழே நிலவறை, மேலே கூரைக்கு அடியில் பரண், கேஸில் ஓடும் ஃபர்னஸ், வயதான இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள்.

வேலையில் இறங்குமுன் ஒரு கணக்கைப் புரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று. 20 டிகிரியில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. மைனஸ் 30 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் 1.45 கிலோ. வெளியே இருப்பது கனமான காற்று, உள்ளே இருப்பது இலேசான காற்று. இலேசானது மேலே ஏறி, கூரைப் பக்கம் எந்த இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியே வெளியேறும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே கதவிடுக்கு, நிலவறைச் சுவர், பிளக் பாயின்ட் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே புகும். மொத்த வீடும் ஒரு புகைபோக்கி போல இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே குளிர் கூடக்கூட இழுப்பும் கூடும், வீடு உயரமாக இருந்தால் இன்னும் கூடும்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. மாடி ஜன்னல் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தால் குளிர் தெரியாது. அங்கே காற்று உள்ளே வரவில்லை, வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதனால் மேல்தளத்தில் ஓட்டையே இல்லை என்று தோன்றும். கீழே குளிர் அடிக்கிற இடத்தை மட்டும் அடைத்தால், மேலே இருக்கும் இழுப்பு அப்படியே இருக்கும். காற்று வேறு ஓர் இடுக்கைத் தேடிக்கொள்ளும்.

ஓட்டை தேடுவதற்கு ஊதுபத்தியே போதும். நல்ல குளிரும் காற்றும் உள்ள நாளாகப் பார்த்து, ஃபர்னஸையும் கேஸ் வாட்டர் ஹீட்டரையும் அணைத்துவிட்டு, குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிட வேண்டும். ஃபேன் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுவதால், வெளிக்காற்று எல்லா இடுக்கு வழியாகவும் உள்ளே வரத் தொடங்கும். புகை எங்கே நேராகப் போகாமல் வளைகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டேன். கேஸ் சாதனங்களை அணைக்காமல் இதைச் செய்யக் கூடாது. அவற்றின் புகையும் வீட்டுக்குள் திரும்பி வந்துவிடும்.

கையில் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் உதவியது. சுவரில் எந்த இடம் மற்ற இடத்தைவிட நாலைந்து டிகிரி குறைவு என்று உடனே காட்டிவிடும். பளபளப்பான உலோகத்தின் மீது மட்டும் அதை நம்ப முடியாது. எதிரே இருக்கும் பொருளின் சூட்டைப் பிரதிபலித்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். அந்த மாதிரி இடத்தில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

சரி, கதவுகள். 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பெருக்கினால் 27 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமான ஒரு சதுர ஓட்டையைக் கதவில் வெட்டி வைத்ததற்குச் சமம். அடியில் ரப்பர் பட்டையைத் திருகினேன். மூன்று பக்க நிலைச்சட்டத்திலும் மலிவான ஃபோம் டேப்பை விட்டுவிட்டு, உள்ளே குழலாக இருக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டையை ஒட்டினேன். ஃபோம் சீக்கிரம் நசுங்கித் தட்டையாகிவிடும். இந்த ரப்பர் கடுங்குளிரிலும் மிருதுவாக இருந்து, கதவு மூடும்போது நசுங்கித் திரும்ப எழும். ஒட்டுவதற்கு முன் சட்டத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டும். ஜில்லென்ற மரத்தில் பசை பிடிக்காது. கதவின் கீழ் மூலைகள் இரண்டிலும், அடிப்பட்டையும் பக்கப்பட்டையும் சந்திக்கும் இடத்தில், ஒரு சிறு முக்கோண இடுக்கு மிஞ்சும். அங்கே ஒரு துண்டு ரப்பரைத் தனியாக வெட்டி ஒட்டியே ஆகவேண்டும். நிறையக் காற்று அங்கேதான் வரும்.

வெளிச்சுவர் பிளக் பாயின்ட்களுக்கு பிரேக்கரை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் மெல்லிய ஃபோம் தாளை உள்ளே வைத்து மறுபடி திருகினால் முடிந்தது. தரையும் சுவரும் சேரும் கோட்டில் சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை. இதெல்லாம் ஒரு மதியத்து வேலை.

அப்புறம் பரண். இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுதுகிறேன்.

பரணின் தளம் முழுக்க நல்ல கனத்துக்குக் கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தது. பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் ஏறிப்போகும் சதுர மூடி வெறும் ஒட்டுப்பலகை. அதன் மேல் பஞ்சும் இல்லை, ஓரத்தில் ரப்பரும் இல்லை. மூடிக்கு நேர் மேலே கூரைப் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி முனைகளில் மட்டும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது, மற்ற ஆணிகள் காய்ந்து கிடந்தன. நம் மூச்சிலும் குளியலிலும் கிளம்பிய நீராவி அந்த வழியாக ஏறிப்போய் ஆணியில் உறைந்திருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மூடியின் மேல்பக்கத்தில் கெட்டியான ஃபோம் பலகையை அடுக்கு அடுக்காக ஒட்டினேன். மூடி உட்காரும் விளிம்பில் சுற்றிலும் ரப்பர் பட்டை. கீழிருந்து அழுத்திப் பிடிக்க இரண்டு கொக்கிகள், ஏனென்றால் மூடியின் எடை மட்டும் ரப்பரை நசுக்காது.

அடுத்து, பஞ்சுக்கு அடியில் மறைந்திருக்கும் துளைகள். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பஞ்சு இருந்தால் காற்று போகாது என்று நினைக்கிறோம். உண்மையில் அசையாத காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது, பஞ்சு அந்தக் காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கீழிருந்து காற்று கிளம்பி அதன் ஊடாகப் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு கனமான பஞ்சும் பாதி வீண். நல்லவேளையாக, காற்று போன தடத்தைப் பஞ்சே காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் வீட்டுத் தூசியை வடிகட்டி அந்த இடத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். அப்படி நிறம் மாறிய இடத்தையெல்லாம் விலக்கிப் பார்த்தால், அடியில் ஒயர் இறங்கும் துளை, கழிவுக்குழாயின் காற்றுப் போக்கி ஏறும் துளை, தடுப்புச் சுவரின் தலைக்கட்டை ஓரத்து விரிசல் என்று ஏதாவது ஒன்று இருந்தது. சின்னதற்கு சீலன்ட், பெரியதற்கு டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோம்.

பரணில் சில இடங்களில் அவசரப்படக் கூடாது. வாட்டர் ஹீட்டரின் சூடான புகைக்குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஃபோம் பீய்ச்சினால் தீப்பிடிக்கலாம். அங்கே தகரத் தகடு வெட்டி வைத்து, தீ தாங்கும் சீலன்ட் மட்டும் போட வேண்டும், பஞ்சையும் தள்ளி வைக்க வேண்டும். கூரைக்குள் புதைத்த பழைய விளக்குகளின் மேல் பஞ்சை மூடக் கூடாது. அப்படி மூடலாம் என்று குறித்துத் தயாரித்த விளக்கு என்றால் பரவாயில்லை. கூரை விளிம்பில் இருக்கும் காற்றுத் துவாரங்களை அடைக்கவே கூடாது, பரணின் ஈரம் வெளியேற வேண்டியது அவ்வழியாகத்தான். பஞ்சுக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கூழாங்கல் மாதிரி மின்னும் வெர்மிகுலைட் என்ற கனிமத்தைக் கொட்டியிருந்தால், அதைத் தொடாமல் இறங்கிவிடுவது நல்லது. பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, பரிசோதிக்காமல் கிளறக் கூடாது. மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். உத்தரத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் கீழ் அறைக்கு நேர்வழி.

பரண் வேலை முடிந்த பிறகு அதே ஊதுபத்தியை வாசல் பக்கம் பிடித்தேன். கீழே புதிதாக எதையும் அடைக்கவில்லை, ஆனாலும் புகையின் வளைவு நன்றாகக் குறைந்திருந்தது. சோபா பக்கம் தரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த குளிரோட்டமும் பெரும்பாலும் போய்விட்டது. “காலுக்கு வைத்தியம் தலையில் செய்தீர்களா” என்று வீட்டில் சிரித்தார்கள்.

ஆனால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும். ஜன்னல்கள் வியர்க்க ஆரம்பித்தன.

மைனஸ் 30 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் நீராவிகூட இருக்காது. 20 டிகிரிக் காற்று 17 கிராம் வரை தாங்கும். ஆகவே வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது எலும்பாகக் காய்ந்திருக்கும். அதுவரை உதடு வெடித்ததற்கும் கதவுக் கைப்பிடியில் சுரீர் என்று ஷாக் அடித்ததற்கும் அதுதான் காரணம். இரவெல்லாம் ஈரமூட்டி ஓட்டி, அந்த ஈரத்தைப் பரண் வழியாக ஆணிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஓட்டைகள் அடைபட்டதும் நம் மூச்சு, குளியல், சமையல் ஈரம் எல்லாம் உள்ளேயே தங்கத் தொடங்கியது.

20 டிகிரி அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும். 40 சதவீதத்தில் அது 6 டிகிரி, 30 சதவீதத்தில் 2 டிகிரி. சாதாரண இரட்டைக் கண்ணாடியின் உள்பக்கம், வெளியே மைனஸ் 30 இருக்கும்போது, கணக்குப்படி ஏறக்குறைய 2 டிகிரிக்கு வந்துவிடும். சட்டத்தின் ஓரங்களில் அதைவிடக் குறையும். ஒற்றைக் கண்ணாடி என்றால் உள்பக்கமே பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் பனிக்கட்டி படியும். அதனால் இவ்வளவு குளிரில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்வது ஜன்னல் மரத்தை ஊறவைத்துப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுப்பதுதான். ஈரமூட்டியை அணைத்தோம். குளித்து முடித்த பிறகும் ஃபேனைச் சற்று நேரம் ஓடவிட்டோம். துணியை அறைக்குள் காயப்போடுவதை நிறுத்தினோம். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறோம், தெர்மோஸ்டாட்டைவிட அதைத்தான் இப்போது அடிக்கடி பார்க்கிறேன்.

கண்ணாடியின் குளிருக்குச் சுருங்கும் பிளாஸ்டிக் படலம் ஒட்டினேன். சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், அதன் மேல் படலத்தைத் தளர்வாக ஒட்டி, பிறகு ஹேர் டிரையரால் மூலையிலிருந்து நடுவுக்குச் சூடு காட்டினால் சுருக்கம் எல்லாம் இழுத்துக்கொண்டு கண்ணாடி மாதிரியே ஆகிவிடும். டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓட்டை விழும். கண்ணாடிக்கும் படலத்துக்கும் நடுவே சிக்கும் காற்றுதான் வேலை செய்கிறது. அந்த இடைவெளிக்குள் அறைக் காற்று கசிந்தால் உள்ளே மூடுபனி போட்டுவிடும், துடைக்கவும் முடியாது. ஆகவே ஒட்டுவதற்கு முன் சட்டம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், நாலு ஓரமும் இடைவெளியில்லாமல் பிடித்திருக்க வேண்டும். தீ விபத்தில் வெளியேற வேண்டிய படுக்கையறை ஜன்னலை மட்டும் இப்படி மூடாமல் விட்டிருக்கிறேன்.

கனத்த திரைச்சீலையைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. இரவில் இழுத்து மூடினால் பக்கத்தில் உட்கார இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து, காலையில் அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். காலையில் விலக்கிக் காயவிட முடிந்தவர்கள் பயன்படுத்தலாம். ஜன்னலுக்கு அடியில் சூட்டுத் துவாரம் இருந்தால் திரை அதை மூடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபர்னஸ் கண்ணாடியைத்தான் சூடாக்கும்.

வீடு இறுக்கமானதும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை: கார்பன் மோனாக்சைடு அலாரம். எங்கள் வாட்டர் ஹீட்டர் புகை தானாக ஏறிப்போகும் பழைய வகை. வீட்டுக்குள் காற்று வரவு குறைந்து, எக்ஸாஸ்ட் ஃபேன்களும் ஓடினால், அந்தப் புகை கீழே திரும்பலாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தளத்துக்கு ஒன்றும் படுக்கையறை வாசலில் ஒன்றும் மாட்டினோம். ஒரு தொழில்நுட்பரை வரவழைத்து, எல்லா ஃபேன்களையும் ஓடவிட்டு, புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று சோதிக்கவும் செய்தோம்.

குழாய்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். சமையலறைத் தொட்டி வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் இல்லை. பனிக்கட்டி வளர்ந்து, தனக்கும் மூடிய குழாய்முனைக்கும் இடையில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது, அந்த அழுத்தத்தில்தான் வெடிக்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயை நூல்போல ஒழுகவிடச் சொல்வது இதனால்தான். முனை திறந்திருந்தால் அழுத்தம் ஏறாது.

தொட்டியின் அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் துளையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தது, அதை அடைத்தேன். பிறகு குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் இடையில் ஃபோம் பலகை வைத்தேன். குழாயின் அறைப்பக்கத்தை மூடவில்லை. அங்கேயும் மூடினால் வீட்டுச் சூடு குழாயைத் தொடாது. நிலவறையில் அறைச்சூடு எட்டாத மூலையில் ஓடும் துண்டுக்கு மட்டும் ஃபோம் உறையும், தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் சூட்டுக் கேபிளும். கடுங்குளிர் அறிவிப்பு வந்தால் தொட்டியடி அலமாரிக் கதவைத் திறந்து போடுகிறோம். தோட்டத்து ஹோஸைக் குளிர் தொடங்கும் முன்பே கழற்றி, அந்தக் கிளைக்கான வால்வை உள்ளே மூடிவிட வேண்டும். எங்கேயாவது உறைந்துவிட்டால், முனையைத் திறந்துவைத்து, முனைப் பக்கத்திலிருந்து உறைந்த இடம் நோக்கி ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டலாம். நெருப்பு கூடாது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது, கையால் திருப்ப வருகிறதா என்று வீட்டில் எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டோம்.

ஃபர்னஸுக்குச் செய்தது கொஞ்சம்தான். ஃபில்டரை மாற்றினேன். அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்தால், உள்ளே சூடு ஏறிப் பாதுகாப்பு சுவிட்ச் அணைத்துவிடும், அதுவும் மிகக் குளிரான இரவில். ஃபர்னஸ் காற்றை இழுக்கவும் புகையை வெளியேற்றவும் பக்கச்சுவரில் நீட்டியிருக்கும் இரண்டு பிவிசி குழாய்களில் பனி மூடவில்லை என்று பனிப்பொழிவுக்குப் பின் பார்க்க வேண்டும். இரவில் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைக்கும் வழக்கத்தை இந்த மாதிரி நாட்களில் விட்டுவிட்டோம். ஃபர்னஸ் ஏற்கெனவே முழுமூச்சில் ஓடும்போது, காலையில் இழந்த சூட்டை மீட்க அதற்குத் திராணி இருக்காது, குழாய்க்கும் ஆபத்து.

தனி ஹீட்டர் ஒன்று இருக்கிறது, 1500 வாட். நேராகச் சுவர் பிளக்கில்தான், எக்ஸ்டென்ஷன் கார்டில் இல்லை. சுற்றிலும் ஒரு மீட்டருக்குத் துணி, காகிதம் எதுவும் கிடையாது. படுக்கைக்கு ஒரு மின்போர்வை, அதற்கு 100 வாட் அளவுக்கே செலவாகிறது. அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எவ்வளவு மலிவு என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே தெரியும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் இந்தப் போர்வை ஆகாது. அதற்காக அறையை மிகவும் குளிரவிடவும் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கட்டும் என்கிறது. முதியவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதற்கும் மேல் வேண்டியிருக்கலாம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதி நிலவறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் ஒரே சின்ன அறைக்குள், கதவிடுக்கில் துண்டு. கேஸ் அடுப்பு, கரியடுப்பு எதையும் அறையைச் சூடாக்கக் கொளுத்தக் கூடாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, வெளியில்தான். உள்ளே உறையும் நிலைக்கு நெருங்கினால் மெயின் வால்வை மூடி, மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் எல்லா முனைகளையும் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும், கழிவறைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

மிச்சம் இருப்பது இரண்டு. நிலவறையில் அஸ்திவாரத்தின் மேல் மரச்சட்டம் உட்காரும் விளிம்பில் பாதிதான் முடிந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு உத்தர இடைவெளிக்கும் ஃபோம் பலகையை அளந்து வெட்டி, சுற்றிலும் ஃபோம் பீய்ச்ச வேண்டும், பொறுமை கேட்கிற வேலை. இரண்டாவது, குளியலறை ஃபேனின் வெளிமூடி. காற்றடிக்கும் இரவில் அது திறந்து திறந்து மூடுகிறது. மூடியைச் சுற்றி வெளிப்பக்கமாக சீலன்ட் போட வேண்டும், ஆனால் வாங்கி வைத்திருக்கும் டியூபில் 5 டிகிரிக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம் என்று அச்சிட்டிருக்கிறது. அதனால் இப்போதைக்கு ஃபேன் ஓடாத நேரங்களில் உள்பக்கக் கிரில்லின் மேல் ஒரு காந்தத் தகட்டை ஒட்டி வைத்திருக்கிறோம். குளிக்கப் போகும் முன் அதை எடுக்க வேண்டும் என்று கதவில் ஒரு சீட்டும் ஒட்டியாயிற்று.